நாடாவை ஏளனம் செய்வோரிடம் சில கேள்விகள்

"நாடாவா? அது பாட்டன் காலத்துச் சாமான். இப்போது எல்லாமே முகிலில் இருக்கிறது."

தமிழ்ப் பத்திரிகை நிறுவனங்களிலும் செய்தி இணையத்தளங்களிலும் கணினிப் பொறுப்பாளர்களுடன் உரையாடும்போது இந்த வாசகத்தைப் பல தடவைகள் கேட்டாயிற்று. சொல்பவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய பொறுப்பில் இருப்பது விளம்பரக் கணக்கும் சம்பளப் பட்டியலும் மாத்திரமல்ல. ஊர்ச் செய்திகள், போர்க்காலப் படங்கள், ஆசிரிய தலையங்கங்கள், வேறெங்கும் பதிவாகாத மனிதர்களின் மரண அறிவித்தல்கள் எனச் சமூகமொன்றின் அன்றாட வரலாறு அந்த வன்தட்டுகளில் இருக்கின்றது. ஆகவேதான் அந்த வாசகத்தை மறுத்து எழுதவேண்டிய அவசியம் ஏற்பட்டது.

நான் சொல்ல வருவது சுருக்கமானது. ஒரு பத்திரிகையின் பக்கங்கள், செய்திகள், படங்கள் அனைத்தினதும் முழுமையான பிரதியொன்று, 'டார்' என்ற பழைய கட்டளையின் மூலம் காந்த நாடாவில் எழுதப்பட்டு, எழுதியது திரும்ப வாசித்துப் பார்க்கப்பட்டு, கணினியிலிருந்து கழற்றப்பட்டு, அலுவலகத்துக்கு வெளியே ஓர் அலுமாரியில் இருக்கவேண்டும். அது இல்லாத நிறுவனம் தன்னிடம் ஆவணக் காப்பகம் உண்டு என்று சொல்லிக்கொள்ள உரிமையற்றது.

முகிலில் இருந்தது எங்கே போயிற்று?

முதலாவது கேள்வி இது. முகிலில் வைத்தால் பத்திரம் என்று யார் உங்களுக்கு உறுதி தந்தார்கள்?

தூரத்துக்குப் போகவேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' வலையமைப்பு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. அந்த மூன்றரை மாதங்களுக்குரிய பிரதி எதுவும் மீட்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை. ஓர் அரசாங்கம் தன்னுடைய மூன்றரை மாதக் கடிதப் போக்குவரத்தைத் தொலைத்தது. கழற்றி வைக்கப்பட்ட நாடா ஒன்று அலுமாரியில் இருந்திருந்தால், எந்தத் தீநிரலும் அந்த அலுமாரியைத் திறந்திருக்க முடியாது.

ஏழை நாடு, அதனால்தான் இப்படி என்று சமாதானம் சொல்வோரும் உளர். 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் தீப்பற்றியது. மின்கலங்களிலிருந்து எழுந்த தீ. அரச உத்தியோகத்தர்கள் தமது கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜீ டிரைவ்' என்ற களஞ்சியம் அதில் அழிந்தது. அளவு 858 டெராபைட். அதற்கு வெளியிடத்தில் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரிது, ஆதலால் பிரதி எடுப்பது கடினம் என்பதே சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. இன்றைய நாடாப் பேழையொன்று 18 டெராபைட் கொள்ளும். 858 டெராபைட்டுக்கு 48 பேழைகள் போதும். அவற்றை இரண்டு பயணப் பைகளில் எடுத்துச் செல்லலாம்.

இவை விபத்துகள். விபத்தே இல்லாமல் நிறுவனத்தின் வியாபாரத் தீர்மானத்தாலும் தரவு அழியும். தமிழர் பலருடைய ஆரம்பகால இணையப் பக்கங்கள் யாகூவின் ஜியோசிட்டீஸ் தளத்தில் இருந்தன. அது 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. தமிழ் எழுத்துலகின் காரசாரமான விவாதங்கள் பல நடந்தேறிய யாகூ குழுமங்களின் உள்ளடக்கம் 2019 இன் இறுதியில் அழிக்கப்பட்டது. அறிவித்தல் கொடுத்தே அழித்தார்கள். வீட்டுக்காரன் அறிவித்தல் கொடுத்தால் வாடகைக்காரன் வெளியேறத்தானே வேண்டும்?

இன்னொரு செய்தியையும் முகில் பக்தர்கள் கேட்கவேண்டும். 2011 பெப்ரவரியில் கூகிளின் ஜீமெயில் சேவையில் மென்பொருட் கோளாறு ஒன்றினால் ஒரு பகுதிப் பாவனையாளர்களின் மின்னஞ்சல்கள் மறைந்தன. பல தரவு மையங்களில் பல பிரதிகள் இருந்தும் கோளாறு எல்லாப் பிரதிகளையும் பாதித்தது. இறுதியில் எதிலிருந்து மீட்டார்கள் தெரியுமா? காந்த நாடாவிலிருந்து. நாடாக்கள் வலையமைப்பில் இணைக்கப்படாதவை, ஆதலால் இத்தகைய மென்பொருட் பிழைகளிலிருந்து பாதுகாப்பானவை என்று கூகிள் நிறுவனமே அப்போது விளக்கமளித்தது. உங்களுக்கு முகிலை விற்பவர் தன் வீட்டில் நாடா வைத்திருக்கிறார். உங்களுக்கு மாத்திரம் அது ஏன் பாட்டன் காலத்துச் சாமான்?

டார் என்ற எளிய கட்டளை

இரண்டாவது கேள்வி. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் விலைகொடுத்து வாங்கிய காப்புப்பிரதி மென்பொருளால் எழுதியதை இன்று உங்களால் திறக்க முடியுமா?

பல நிறுவனங்கள் நாடாவில் எழுதியும் ஏமாந்தன. எழுதிய மென்பொருள் ஒரு தனியார் கம்பனியினுடையது. கம்பனி விற்கப்பட்டது, அல்லது உரிமக் கட்டணம் கட்டப்படவில்லை. நாடா நல்ல நிலையில் இருக்கிறது, அதில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கத்தான் ஆளில்லை. நம் எழுத்தைப் பூட்டிச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்த கதை.

'டார்' அப்படிப்பட்டதன்று. அதன் பெயரே 'டேப் ஆர்க்கைவ்', அதாவது நாடாச் சேமிப்பகம் என்பதன் சுருக்கம். பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் 1979 இல் வெளிவந்தது. 1988 இல் போசிக்ஸ் தரமாக்கலில் இடம்பெற்றது. 2001 இல் விரிவாக்கப்பட்டது. லினக்ஸ், மக் கணினிகளில் அது கூடவே வருகின்றது. விண்டோஸ் கணினியிலும் 2018 முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றது. இதற்கு உரிமக் கட்டணமோ தொடர் எண்ணோ பதிவு செய்தலோ கிடையாது.

அதன் அமைப்பு ஒரு பாடசாலை மாணவனுக்கும் விளங்கக்கூடியது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் நீளமான தலைப்புப் பகுதி. அதில் கோப்பின் பெயர், அளவு, திகதி, உரிமையாளர் விபரம் ஆகியன சாதாரண எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். அதனைத் தொடர்ந்து கோப்பின் உள்ளடக்கம் எவ்வித மாற்றமுமின்றி அப்படியே வரும். அடுத்து அடுத்த கோப்பின் தலைப்பு. நாடா ஓட ஓடக் கோப்புகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நாளைக்கே உலகத்தில் 'டார்' மென்பொருளின் பிரதிகள் யாவும் மறைந்தாலும், ஒரு நல்ல நிரலாளர் ஒரு பிற்பகலில் அதனை மீண்டும் எழுதிவிடுவார். ஆவணக் காப்புக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

கட்டளையும் ஒரே வரிதான். உருவாக்கு என்பதற்கு ஓரெழுத்து, எழுதும் சாதனத்தைக் குறிக்க ஓரெழுத்து, பின்னர் நாடாச் செலுத்தியின் பெயர், இறுதியில் கோப்புறையின் பெயர். பட்டியலிடவும், பிரித்தெடுக்கவும், நாடாவில் உள்ளதை வன்தட்டில் உள்ளதுடன் ஒப்பிடவும் முதலெழுத்தை மாற்றினால் போதும்.

எழுதினால் மட்டும் போதாது

எளிது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மூன்றாவது கேள்வி இதுதான். எழுதிய நாடாவை எப்போதாவது திரும்ப வாசித்துப் பார்த்தீர்களா?

ஒரு காலத்தில் நான் ஆசிரிய பீடத்தில் பணியாற்றிய நாளிதழொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வோர் இரவும் பக்கங்கள் அச்சுக்குச் சென்றபின் அன்றைய கோப்புகளை நாடாவில் எழுதுவது கணினிப் பிரிவின் கடமை. ஒரு மாதத்துக்கு ஒரு நாடா. தவறாமல் எழுதினார்கள், தவறாமல் பதிவேட்டில் கையொப்பமிட்டார்கள், எந்த இரவிலும் பிழைச் செய்தி வரவில்லை. ஒருநாள் வன்தட்டு பழுதடைந்தது. நாடாவைப் போட்டார்கள். அதில் கடைசி இரவின் பக்கங்கள் மாத்திரமே இருந்தன. முந்தைய மாதங்களின் நாடாக்களிலும் அதே கதிதான். ஒவ்வொன்றிலும் மாதத்தின் கடைசி நாள் மட்டும்.

காரணம் மிகச் சிறியது. லினக்ஸ் கணினியில் ஒரே நாடாச் செலுத்திக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 'எஸ்டி0' என்று அழைத்தால் வேலை முடிந்தவுடன் நாடா தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றப்படும். 'என்எஸ்டி0' என்று அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அவர்கள் முதலாவது பெயரைப் பயன்படுத்தினார்கள். ஆகவே ஒவ்வோர் இரவும் எழுதப்பட்டது முந்திய இரவின் மேல் எழுதப்பட்டது. நாடாவில் புதிதாக எழுதி முடிக்கும் இடமே பதிவின் முடிவு. அதற்கு அப்பால் பழைய தரவு கொஞ்சம் எஞ்சியிருந்தாலும் செலுத்தி அதனைத் தாண்டி வாசிக்காது. ஓர் எழுத்து குறைந்தது, பல மாதங்களின் பக்கங்கள் போயின. தனியே நாடாவை நகர்த்துவதற்கென்றே 'எம்டி' என்ற கட்டளை இருக்கின்றது. எழுதுமுன் அதன்மூலம் பதிவின் முடிவுக்குச் சென்று, அங்கிருந்து தொடர்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சம்பவத்தை நாடாவுக்கு எதிரான வாதமாகச் சிலர் எடுத்துக்கொள்வர். உண்மையில் இது கையொப்பத்தை நம்பியதற்கு எதிரான வாதம். மாதத்தில் ஒரு தடவையேனும் நாடாவைப் பட்டியலிட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். முகிலில் வைத்திருப்பவர்களும் இதே பரீட்சையை எழுதியாக வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை எந்த ஊடகத்தில் வைத்தாலும் நம்ப முடியாது.

'டார்' கட்டளையின் குறையொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தலைப்புப் பகுதி சரியா என்று சோதிக்கும் கூட்டுத்தொகை அதில் உண்டு. கோப்பின் உள்ளடக்கம் சரியா என்று சோதிக்க அதில் எதுவும் கிடையாது. ஆதலால் எழுதுமுன் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா256' கைரேகையைக் கணித்து, அந்தப் பட்டியலையும் நாடாவிலேயே சேர்க்கவேண்டும், ஒரு பிரதியை வெளியிலும் வைக்கவேண்டும். இருபது ஆண்டுகளின் பின்னர் வாசிப்பவர் அதைக்கொண்டு உண்மையைச் சரிபார்த்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். முழு மூட்டையையும் ஒன்றாகச் சுருக்கி எழுதும் ஆசையைக் கைவிடுங்கள். சுருக்கிய மூட்டையின் நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னுள்ள யாவும் கைநழுவிப் போகலாம். சுருக்காத மூட்டையில் பழுதான கோப்பு மட்டும் போகும், 'டார்' அடுத்த தலைப்பைத் தேடிப் பிடித்துத் தொடரும். படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஆகவே இலாபமும் சொற்பமே. அடுத்தது, ஒரு தடவையில் எழுதும் கட்டியின் அளவு. வழமையான அளவு 20 கட்டிகள், அதாவது 10,240 பைட். இன்றைய வேகமான செலுத்திகளுக்கு அது மிகச் சிறிது. நாடா நின்று, பின்வாங்கி, மீண்டும் ஓடித் தேய்ந்துபோகும். 512 கட்டிகள் என்று பெருக்குவது நல்லது. பெருக்கிய எண்ணைப் பேழையின் வெளிச் சீட்டில் மையினால் எழுதி வையுங்கள். வாசிப்பவருக்கும் அது தேவைப்படும்.

தமிழுக்கென்று சில சங்கடங்கள்

இந்த வழிகாட்டல்கள் ஆங்கில நூல்களில் கிடைக்கும். தமிழ்ப் பத்திரிகைகளுக்கே உரிய சங்கடங்கள் அவற்றில் கிடையா.

பழைய 'டார்' அமைப்பில் கோப்பின் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 100 பைட். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே 33 பைட் பிடிக்கும். மூன்று யாழ்ப்பாணம் எழுதினால் இடம் நிரம்பிவிடும். செய்தித் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. ஆகவே பழைய அமைப்பைத் தவிர்த்து, நீண்ட பெயர்களை ஏற்கும் 2001 ஆம் ஆண்டின் போசிக்ஸ் அமைப்பில் எழுதுமாறு கட்டளையிலேயே குறிப்பிடவேண்டும்.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் கணினிப் பக்கங்களில் பெரும்பகுதி நீண்டகாலம் 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்யப்பட்டது. அந்தக் கோப்பை எழுத்துரு இன்றித் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குழப்பம் ஒன்றே தெரியும். நாடா பைட்டுகளைக் காப்பாற்றும், அவற்றின் பொருளைக் காப்பாற்றாது. ஆதலால் எழுத்துருக் கோப்புகளையும், பக்கங்களைப் படமாகக் காட்டும் பீடிஎஃப் பிரதிகளையும், ஒருங்குறிக்கு மாற்றிய வெறும் உரையையும் அதே நாடாவில் சேர்க்கவேண்டும். எந்தத் திகதிக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பை நாடாவின் முதற் கோப்பாக வைக்கவேண்டும். இதனைச் செய்யாவிட்டால் நம்முடைய பேரப்பிள்ளைகள் பைட் பிசகாத கோப்புகளை வைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்க முடியாமல் இருப்பார்கள்.

மறுப்புகளுக்கு மறுமொழி

"நாடாவும் அழியுமே" என்பர். ஆம், அழியும். சந்திரனில் மனிதன் இறங்கியதைப் பதிவுசெய்த நாசாவின் மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு மீளப் பாவிக்கப்பட்டிருக்கலாம் என்று 2009 இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அங்கு நாடா தானாக அழியவில்லை, மனிதர் அழித்தார்கள். மறுபக்கத்தில், 1973 ஆம் ஆண்டின் யுனிக்ஸ் நான்காம் பதிப்பு அடங்கிய நாடாவொன்று 2025 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கண்டெடுக்கப்பட்டு, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வாசிக்கப்பட்டது. இன்றைய எல்ரிஓ நாடாக்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் முப்பது ஆண்டுகள் வரை. அதற்கு நிபந்தனை உண்டு. நீண்டகாலக் காப்புக்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதனும் வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திறந்த அறையில் அது கிடைக்காது. ஈரம் அகற்றிய அலுமாரி ஒன்று கட்டாயம் வேண்டும்.

"செலுத்தி மாறிவிடுமே" என்பர். இது நியாயமான மறுப்பு. எல்ரிஓ 2000 ஆம் ஆண்டில் 100 கிகாபைட்டுடன் வந்தது. 2021 இன் ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட். 2025 இல் வந்த பத்தாம் தலைமுறைச் செலுத்தி ஒன்பதாம் தலைமுறை நாடாவை வாசிக்காது. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் புதிய நாடாவுக்குப் பெயர்க்கும் வேலையை வரவுசெலவில் எழுதிவைக்க வேண்டும். ஓலைச்சுவடி காலத்தில் நம் முன்னோர் செய்ததும் இதுவே. ஏடு நைந்துபோகுமுன் படியெடுத்தார்கள். படியெடுக்கத் தவறிய நூல்கள் இன்று பெயரளவில் மட்டும் இருக்கின்றன.

"விலை அதிகம்" என்பர். பேழையின் விலை மலிவு, செலுத்தியின் விலைதான் பல ஆயிரம் டொலர். ஒரு சிறு பத்திரிகையால் அது இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நெல் ஆலை வைத்திருப்பவர் உண்டா? பல பத்திரிகைகளும் இணையத்தளங்களும் நூலகங்களும் சேர்ந்து ஒரு செலுத்தியை வாங்கலாம். மாதம் ஒருநாள் ஒருவர் முறை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திக் கூட்டு முயற்சியால் என்ன செய்யலாம் என்பதைக் காட்டியிருக்கிறது. அச்சில் வந்ததை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். கணினியிலேயே பிறந்து கணினியிலேயே இருப்பதைக் காப்பாற்றவேண்டியவர்கள் அதைப் படைத்த பத்திரிகைகளே.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அன்று பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்கும் வசதி நமக்கு இருக்கவில்லை. ஏட்டுக்கும் காகிதத்துக்கும் ஒரு பிரதிதான், ஓரிடம்தான். இன்று ஒரு பத்திரிகையின் இருபது ஆண்டுகள் உள்ளங்கையளவு பேழை ஒன்றில் அடங்குகின்றன. ஒன்றைக் கொழும்பிலும் ஒன்றை யாழ்ப்பாணத்திலும் மூன்றாவதை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. வசதி இருந்தும் செய்யாமல் விட்டால், அடுத்த அழிவுக்கு நெருப்பு வைத்தவனை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது.

பத்திரிகை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் கணினிப் பொறுப்பாளரை அழைத்து, பத்து ஆண்டுகளுக்கு முந்திய ஏதேனும் ஒரு நாளின் முதற் பக்கத்தைக் கேளுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அது உங்கள் மேசைக்கு வருமானால் இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டதன்று. வராவிட்டால், ஒரு செலுத்திக்கும் மூன்று பேழைகளுக்கும் எவ்வளவு செலவாகும் என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பார்களா?